தவக்காலத்தில் இளைத்தவள்

என் அண்ணன் சந்தியாகுவின் மனைவி வியாகுலம் பஸ்ஸில் ஏறினால் இரண்டு பேர் உட்காரும் இடத்தில் ஒருத்தியாக உட்காருவாள். அதற்காக அவள் கூனிக் குறுகி நான் பார்த்ததில்லை. பாம்பன் கரையில் மீன் ஏலம் கூறுகிறவள் ஈர்க்குச்சி போல இருந்தால் யார் மதிப்பார்கள்? வத்தை கரை தட்டியதும் மீனைக் குவித்துவிட்டு, அதன் முன்னால் காலை அகட்டி நின்று அவள் குரல் கொடுத்தால், ரயிலுக்குக் கூடை கட்டிக்கொண்டிருக்கிற ஆட்கள்கூடத் தலையைத் திருப்புவார்கள். அந்த உடம்பும் அந்தக் குரலும் ஒன்று என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தோம்.

நான் ஜெபமாலை. புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எனக்கு நாக்கு நீளம், புத்தி அதைவிட நீளம் என்று மதினி சொல்வாள். அந்தப் புத்தியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சொல்லாமலே இருந்துவிடலாம். ஆனால் மனசுக்குள்ளேயே வைத்திருப்பது வர வர எனக்கு அலுத்துப்போகிறது.

ஐம்பத்தேழாம் வருடம் தை மாதம், மதினியுடைய ஒரே மகள் ஜோதிமேரியைத் தொண்டிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன் பெயர் யாக்கோபு, சொந்தத் தொழில். அவன் அம்மா சலேத்தம்மாள் நல்ல மனுஷி, கொஞ்சம் வாய் அதிகம். பெண்ணைப் பார்த்தாள், பிறகு மதினியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்ணு ஒல்லியாத்தான் இருக்கு. ஆனா ஆத்தாளப் பாத்தாப் போதுமே. கட்டு உடம்பு, நோய் நொடி அண்டாத குடும்பம். நாளைக்கு எங்க வீட்டுலயும் இப்பிடித்தான் நிப்பா" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். மதினியும் சிரித்தாள். அதற்கு முந்தின வருடம்தான் ஒரு நல்ல இடம், பெண்ணின் சித்தப்பாவுக்குக் காசம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தட்டிப்போயிருந்தது. அது காசமே இல்லை, வெறும் இருமல். ஆனால் ஒரு தடவை வாயில் விழுந்தால் விழுந்ததுதான். அதனால் சலேத்தம்மாள் சொன்ன வார்த்தை எங்கள் காதில் தேனாக விழுந்தது.

நிச்சயதார்த்தத்துக்குக் கறிச்சோறு போட்டோம். கை கழுவிய கொஞ்ச நேரத்தில் மதினி அடுப்படிக்குள் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுத் திருகுவது போல வலி, அது அப்படியே முதுகுப் பக்கம் தோள்பட்டை வரை ஏறியது என்றாள். முகமெல்லாம் வேர்வை. இது முதல் தடவை இல்லை. ஆறேழு மாதமாகவே எண்ணெய்ப் பண்டம் தின்றால் வருவதும், ஓமத்தண்ணியும் சோடாவும் குடித்தால் தணிவதுமாக இருந்தது. வாயு என்று நினைத்திருந்தோம். அன்றைக்கு வந்தது வாயு இல்லை என்று எனக்கே தெரிந்தது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, வெளியே உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டாருக்குக் கேட்காமல் அவள் அழுதாள்.

மாசி மாதம் பிறந்ததும் அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூடல் மாநகரைப் பார்க்கப் போவதாக ஊரில் சொன்னோம். பெரிய ஆஸ்பத்திரி. படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "பித்தப்பையில கல் இருக்கு. ஒன்னு ரெண்டு இல்ல. ஆபரேஷன் பண்ணிப் பையோட எடுக்கணும்" என்றார்.

"இப்பவே எடுத்துருங்கம்மா" என்றாள் மதினி.

"இந்த எடையில எடுக்க முடியாது. மயக்க மருந்து குடுத்தா உன் நெஞ்சு தாங்காது, காயமும் ஆறாது. நூத்தித் தொண்ணூத்தேழு ராத்தல் இருக்கே. நூத்தி அறுபத்தஞ்சுக்கு வா. மாசம் அஞ்சு ராத்தலாக் குறை. எண்ணெய், கொழுப்பு வேண்டாம். கறி வேண்டாம். சோறப் பாதியாக்கு. ஆனா பட்டினி மட்டும் கிடக்காதே. ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்."

பட்டினி கிடக்காதே என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. பொய் சொல்லமாட்டேன்.

திரும்பும் ரயில் மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஊர்ந்தபோது மதினி வாயைத் திறந்தாள். "ஆறு மாசம்ங்கிறாக. கல்யாணத்தன்னைக்கு வலி வந்துச்சுன்னா? அவுக கண்ணு முன்னால நான் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்தா, நோக்காட்டுக் குடும்பம்னு பிள்ளையத் திருப்பி அனுப்பிருவாக. நானும் மாசா மாசம் இளைச்சுக்கிட்டே போனா ஊரு சும்மா இருக்குமா? என்ன சீக்குன்னு கேட்டுக் கேட்டே தொண்டி வரைக்கும் சேதி போயிரும்."

கல்யாணம் பாஸ்கு என்கிற உயிர்த்த ஞாயிறு கழிந்த இரண்டாம் திங்கட்கிழமை என்று ஓலை எழுதியாகிவிட்டது. தவக்காலத்தில் எங்களில் கல்யாணம் கிடையாது. தவக்காலம் என்ற சொல் மனசுக்குள் வந்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. என்னவோ சாமியே கொடுத்த யோசனை போலப் பூரித்துப்போனேன்.

"மதினி, இன்னும் மூணு வாரத்துல விபூதிப் புதன். அன்னைல இருந்து பாஸ்கு வரைக்கும் நாப்பத்தாறு நாள். ஒருசந்தி இருக்கேன்னு சொல்லுங்க. மகளுக்காக நேந்துக்கிட்டேன்னு சொல்லுங்க. தவக்காலத்துல ஒருத்தி சாப்பிடாட்டி யாரு ஏன்னு கேப்பாக? இளைச்சாலும் பெருமை. ஒரே மூச்சாக் கொறைச்சுட்டீகன்னா, கல்யாணம் முடிஞ்ச மறுநாளே மதுரைக்குப் போயிரலாம்."

மதினி என் முகத்தையே பார்த்தாள். "சாமி பேரச் சொல்லிப் பொய் நோன்பா?" என்றாள். பிறகு, "சரி, ஒனக்குத்தான் வேதம் தெரியும்" என்றாள்.

ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்றபடி லேசாக ஏதாவது தொட்டுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை நோன்பே இல்லை. மதினி அந்த ஒரு வேளையையும் எடுத்துவிட்டாள். காலையில் ஒரு செம்பு நீராகாரம், பொழுது சாயும்போது உப்புப் போட்ட கஞ்சித் தெளிவு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவே. கரையில் நின்று கத்துகிற வேலையை ஒரு நாளும் விடவில்லை.

எடை பார்க்க எங்கள் ஊரில் ஆஸ்பத்திரித் தராசு ஏது? பாம்பன் ஸ்டேஷனில் மீன் கூடை நிறுக்கிற பெரிய தராசுதான். அங்கே பார்சல் குமாஸ்தாவாக இருந்தவர் பூமிநாதன். அபிராமத்துக்காரர், யார் வம்புக்கும் போகாதவர் என்பதால் டாக்டர் சொன்ன எடையை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தோம். முதல் நாள் மதினி அந்தப் பலகையில் ஏறி நின்றபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு மணங்கு பதினாறு சேர்" என்றார். "டாக்டர் சொன்ன ராத்தலுக்குக் கணக்குப் போட்டா, ரெண்டு மணங்குக்கு வரணும். எங்க அனுப்புறதா உத்தேசம்?"

"மோட்சத்துக்கு. ஐஸ் போட்டுக் கட்டுங்க" என்றாள் மதினி. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

வாரத்துக்கு ஒரு தடவை போனோம். மூன்றாவது வாரம் ஏழு சேர் குறைந்திருந்தது. பூமிநாதன் சிரிக்கவில்லை. "என்னம்மா, இம்புட்டு வேகம் ஆகுமா? சரக்கே வழியில இப்பிடிக் கொறைஞ்சா நாங்க பதில் சொல்லணும்" என்றார். நான்தான் அவர் வாயை அடைத்தேன். உங்களுக்கு எங்கள் நோன்பு தெரியாது என்றேன்.

அந்த மூன்று வாரமும் வலி வரவில்லை. எண்ணெயே உள்ளே போகாதபோது வலி எங்கிருந்து வரும்? அது எங்களுக்குத் தோன்றவில்லை. நோன்பே குணப்படுத்துகிறது என்று இரண்டு பேரும் நம்பினோம். பொய்யாகத் தொடங்கியது மெய்யாகவே பலிக்கிறது என்று மதினி கண் கலங்கினாள். ஊரோ வேறு விதமாகக் கொண்டாடியது. பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், நம் ஊரில் ஒரு தாய் மகளுக்காக எப்படித் தவம் இருக்கிறாள் பாருங்கள் என்று பெயர் சொல்லாமல் சொன்னார். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. மதினி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கிழவிகள் வந்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "எனக்கு நரகந்தான்டி ஜெபமாலை" என்று என் காதில் முணுமுணுத்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சிரிப்பு வந்தது எனக்கு, என்ன செய்ய?

ஐந்தாவது வாரம் வாந்தி தொடங்கியது. குடித்த கஞ்சித் தெளிவு நிற்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு என்று தேங்காய் நாரை வைத்துச் சொறிந்துகொண்டாள். இடுப்பில் சேலை ஒரு சுற்று அதிகமாக வந்தது. கரையில் குரல் எழும்பவில்லை, பாதி ஏலத்தில் உட்கார்ந்துவிடுவாள். "இன்னும் கொஞ்ச நாள்தான் மதினி" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்கிற வாத்தியார் மாதிரி.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு எழுந்து முழந்தாளிட்டபோது, வெயிலில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் மஞ்சள். வெள்ளை என்பதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "மதினி, இது காமாலை. இன்னைக்கே மதுரைக்குப் போவோம்" என்றேன்.

"பத்து நாள்ல கல்யாணம். இப்பப் போயிப் படுத்தா எல்லாம் போச்சு."

"உசுரு போச்சுன்னா?"

"என் மகளக் கரை சேத்துட்டுப் போகட்டும்."

அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச் சொன்ன வழி. நடு வழில விட்டுட்டுப் போவியா?" என்று கேட்டாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். தினமும் குளிக்கும்போது முகத்துக்கும் கைக்கும் மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டேன். கல்யாண வீட்டுக்காரி மஞ்சள் பூசினால் யார் சந்தேகப்படுவார்கள்? லட்சுமிகரமாக இருக்கிறாள் என்று தெருவில் சொன்னார்கள். கண்ணுக்கு மட்டும் பூச ஒன்றுமில்லை. அவள் குனிந்தே நடந்தாள். மகளைப் பிரியப்போகிற துக்கம் என்று அதற்கும் ஊரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் சலேத்தம்மாள் மதினியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். "பாஸ்குதான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன நோன்பு? சம்பந்தி கை நனைக்காம நாங்க நனைக்க மாட்டோம்" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் இருபது பேரும் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏதோ சொல்லித் தடுக்கப் போனேன். மதினி கண்ணாலேயே என்னை நிறுத்திவிட்டு, நெய்ச்சோற்றையும் ஆட்டுக்கறியையும் பிசைந்து மூன்று கவளம் சாப்பிட்டாள். சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மகளும் மாப்பிள்ளையும் அவன் ஊருக்குக் கிளம்பிப்போன ரயிலின் புகை அடங்கும் வரை நின்றாள். பிறகு அங்கேயே, மணலில், மடங்கி விழுந்தாள்.

காமாலை என்று அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. நேர்த்திக்கடனுக்குப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு அண்ணனும் நானும் அவளை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரித் தராசில் நூற்று அறுபத்தெட்டு ராத்தல். டாக்டரம்மா எடையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாள்ல கொறைச்சது?"

சொன்னேன்.

"கொறைக்கச் சொன்னேன். கொல்லச் சொல்லல. வயித்துக்கு ஒன்னும் போகாட்டி பித்தம் பையிலேயே தேங்கும். தேங்குனா இறுகும், கல்லு இன்னும் சேரும். கல்லு எறங்கிக் கொழாய அடைச்சிருக்கு. ஈரல் வீங்கியிருக்கு. இந்த மஞ்சளோட கத்தி வச்சா ரத்தம் நிக்காது. இப்ப எடை சரியா இருக்கு, மத்தது ஒன்னும் சரியா இல்ல." அவர் கோபமாகப் பேசவில்லை. சலித்துப்போய்ப் பேசினார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, பிறகு ஆபரேஷன் செய்து கல்லையும் பையையும் எடுத்தார்கள். பிழைத்தாள். ஆனால் ஈரல் அடிபட்டுவிட்டது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை என்று கிளம்பும்போது டாக்டரம்மா அண்ணனிடம் சொன்னார். அதன்பிறகு மஞ்சள் போவதும் வருவதுமாக இருந்தது. காய்ச்சல் வரும், நடுங்கும், போகும். கரைக்குப் போவதை விட்டாள். ஏலம் கூற வேறொருத்தி வந்தாள். அவள் கூறுவது எனக்குப் பிடிக்கவில்லை, காதைப் பொத்திக்கொண்டு கடந்து போவேன். மகள் வரும்போது மட்டும் மதினி எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பேசுவாள். தலைப்பேறு எங்கள் வீட்டில்தான் நடந்தது. அந்த நாற்பது நாளும் எந்தச் சாமி அவளை நிறுத்தி வைத்ததோ தெரியாது.

மூன்றாவது வருடம் வயிறு பெருக்கத் தொடங்கியது. கை கால் குச்சியாகிக்கொண்டே போக, வயிறு மட்டும் ஏறியது. நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ராமநாதபுரத்தில் இரண்டு தடவை ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். எடுத்தால் ஒரு வாரம் மூச்சு விடுவாள், பிறகு மறுபடியும் ஏறும்.

ஜோதிமேரிக்கு இரண்டாவது பிள்ளை அங்கேயே பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போக வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். மதினி கேட்கவில்லை. ராமநாதபுரம் போய்த் தொண்டி பஸ் பிடித்துப் போனோம். தேவிபட்டினம் தாண்டி ஒவ்வொரு குழிக்கும் அவள் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

வாசலிலேயே சலேத்தம்மாள் எதிர்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். மதினி சேலையை நன்றாகப் போர்த்தியிருந்தாள், வயிறுதான் தெரிந்தது. "அடியாத்தி! சம்பந்திக்குப் பழைய உடம்பு வந்துருச்சே! கல்யாணத்தப்ப நோன்பிருந்து கருவாடாப் போயிருந்தீக. இப்பத்தான் பாக்க நெறைவா இருக்கு" என்றாள். சுற்றி நின்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

வேறு நாளாக இருந்தால் மதினி, மகள் கையால் சாப்பிட்ட சோறு என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கு முடியவில்லை போலிருக்கிறது. சலேத்தம்மாள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்கார்ந்தாள். நானும் கூடப் போனேன்.

"இது சதை இல்ல சம்பந்தி, தண்ணி. ஈரல் கெட்டுப்போச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். நிச்சயதார்த்தத்தன்றைக்கு வந்த வலி, ஆறு மாதம் என்று டாக்டரம்மா சொன்னது, பொய் நோன்பு, பூசிய மஞ்சள், மூன்று கவளம் கறிச்சோறு. யோசனை யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. "ஒங்களுக்குத் தெரிஞ்சா பிள்ளைய வேண்டாம்னுருவீகன்னு பயந்தேன். மன்னிச்சுக்கங்க" என்றாள்.

சலேத்தம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அட பாவி மனுஷி! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்த வருசம் யாக்கோபுக்கு வத்தை கட்ட மரம் வந்து சேரல. வீட்டுக்குக் கூரை மாத்தல. கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளி வச்சா நல்லா இருக்குமேன்னு அவன் அப்பா தெனமும் சொல்லுவாரு. பொண்ணு வீட்டுல நேந்துக்கிட்டு ஒருசந்தி இருக்காக, தள்ளி வைங்கன்னு எந்த வாயால கேக்குறதுன்னு நாங்கதான் பேசாம இருந்தோம்."

மாசியிலிருந்து ஆவணி ஆறு மாதம். விரல் விட்டு எண்ண வேண்டிய கணக்குக்கூட இல்லை.

மதினி சிரிக்க ஆரம்பித்தாள். கரையில் நின்று சிரித்த அதே சிரிப்பு, மூன்று வருடமாக நான் கேட்காதது. வயிறு குலுங்கியது, வலித்தது, விலாவைப் பிடித்துக்கொண்டும் சிரித்தாள். சலேத்தம்மாள் அழுதாள். பிள்ளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்த ஜோதிமேரி எட்டிப் பார்த்து, "என்னம்மா?" என்றாள்.

"ஒன்னுமில்லத்தா. ஒன் மாமியா ஒரு கதை சொன்னாக."

திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்தபடி வந்தாள். நான் பேச வாயெடுத்தபோது, "விடு ஜெபமாலை, தூக்கம் வருது" என்றாள். அடுத்த மாதம் வாடைக்காற்று ஆரம்பித்த வாரத்தில் இறந்துபோனாள். அடக்கத்துக்குச் சலேத்தம்மாள் வந்திருந்தாள். தவமிருந்து மகளைக் கரை சேர்த்த தாய் என்று சாமியார் கல்லறையில் பேசினார். பூமிநாதன் கூட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டு, என் பக்கம் வராமலே போய்விட்டார்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவள் சாகும் வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்த நாற்பத்தாறு நாளும் அவளைத் தனியாகப் பட்டினி போட மனசு வராமல் நானும் அவளோடு நீராகாரமும் கஞ்சித் தெளிவும் குடித்துக்கொண்டுதான் கிடந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.